மரத்தடிக் கல்யாணமும் கலவர ஒத்திகையும்

மெத்தைக்காரர் மேசைக்கு அடியில் குப்புறப் படுத்துக்கொண்டு, புல்லுக்குள் தன் பல்லைத் தேடிக்கொண்டிருந்தார்.

பல் தேடுவதற்கு ஏற்ற நேரமில்லை அது. மேசைமேல் இருந்த சூப் அண்டா கவிழ்ந்து, சுடச்சுட அவர் முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது. வலது பக்கத்தில் அவருடைய மைத்துனரின் இரண்டு கால்களும், மைத்துனரின் சம்மதம் இல்லாமல், எங்கோ போய்க்கொண்டிருந்தன. இடது பக்கத்தில் ஒரு கரண்டி யாருடைய மண்டையிலோ 'ணங்' என்று விழுந்தது. அந்த 'ணங்' அவருக்குப் பழக்கமானது. மனைவி பக்கத்தில்தான் இருக்கிறாள்.

"ஏங்க! எங்க போய் ஒளிஞ்சுக்கிட்டீங்க?"

"பல்லு விழுந்திடுச்சுடி!"

"இருக்கிற பல்லையாவது காப்பாத்திக்கிட்டு வெளிய வாங்க. சித்தப்பாவை மூணு பேர் மிதிக்கிறானுங்க, நீங்க புல்லு மேய்ஞ்சுக்கிட்டு இருக்கீங்க!"

அவர் பதில் சொல்வதற்குள் மேசை விரிப்பைத் தூக்கிக்கொண்டு ஒரு முகம் குனிந்தது. பெரிய முகம். ஒரு பக்கம்தான் காது இருந்தது. சாம்பல் நிறச் சட்டை, கையில் தடி.

"ஐயா, கொஞ்சம் வெளிய வர்றீங்களா? மேசைக்கடியில அடிக்க எங்களுக்கு உத்தரவு இல்ல."

கேட்ட விதத்தில் அவ்வளவு மரியாதை இருந்தது. மெத்தைக்காரர் தன்னையறியாமல் வெளியே வந்துவிட்டார். தடி தோளில் இறங்கியது.

"மன்னிச்சுக்கோங்க. முட்டிக்கும் ஒண்ணு பாக்கி இருக்கு. அப்படியே நில்லுங்க."

மைதானத்தின் ஓரத்தில், வண்ணக் குடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மேற்பார்வையாளர் மெகாபோனை வாயில் வைத்தார்.

"தேநீர் இடைவேளை! கலவரக்காரர்கள் தடிகளைக் கீழே வைக்கவும். விருந்தினர்கள் விழுந்த இடத்திலேயே இருக்கவும். யாரும் எழுந்து இடம் மாற வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரும்."

மகளுடைய கல்யாணத்துக்கு இது முதல் ஒத்திகை. வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்று சொல்லிவைத்தவர் யாரோ, அவர் மரத்தடியில் கல்யாணம் பண்ணிப் பார்த்தவரில்லை. பார்த்திருந்தால் வீட்டைப் பற்றிப் பேச்சே எடுத்திருக்கமாட்டார்.

ஆரம்பித்தது என்னவோ ரொம்ப அமைதியாகத்தான்.

மகள் பஸ் டிரைவர். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துத் தோள் அகலமான பெண். தெருவின் இந்த முனையில் பேசினால் அந்த முனையில் பதில் வரும். மாப்பிள்ளை அதற்கு நேர் எதிர். பல் கட்டும் கடையில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்காகச் சின்னச் சின்னப் பற்களை உரசிக்கொண்டிருப்பவருக்குத் தன் வாயைத் திறக்க நேரம் கிடைப்பதில்லை. இருவரும் கல்யாணத்துக்காகப் பல காலம் காத்திருந்துவிட்டார்கள். மண்டபம்தான் தடை. மண்டபம் பிடிக்க வேண்டுமென்றால் மெத்தைக்காரர் தன் பஞ்சு மிஷினை விற்க வேண்டும். மிஷினை விற்றால் அப்புறம் அவர் மெத்தைக்காரர் இல்லை, வெறும் காரர்.

ஒருநாள் மகள் பட்டறைக்குள் வந்து, பாதி தைத்த மெத்தைமேல் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அப்பா, மண்டபமே வேண்டாம். டிப்போவுக்குப் பின்னாடி மைதானம் சும்மாத்தானே கிடக்கு. மரத்துல எல்லாம் விளக்கு கட்டுவோம். உன் பழைய மெத்தையெல்லாம் கொண்டுபோய்ப் புல்லுல போட்டா, யாருக்கு எங்க தோணுதோ உக்காரட்டும், படுக்கட்டும். ஆளுக்கொரு பாத்திரத்துல சமைச்சு எடுத்துட்டு வரட்டும். எங்க டிப்போ ஆளுங்க வாசிப்பாங்க. சாயங்காலம் மோதிரம் மாத்திக்கிறோம், சம்மதம்னு சொல்றோம், அப்புறம் ஆட்டம்தான். திருவிழா மாதிரி."

"செலவு?"

"உன் பழைய மெத்தை, என் பழைய சிநேகிதங்க. ரெண்டுமே சும்மா கிடக்கு." அப்புறம் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினாள். அவள் தாழ்த்தினால் அது மற்றவர்களின் சாதாரணக் குரல். "மிஷினை வித்துத்தான் கல்யாணம்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம். சொல்லிட்டேன்."

மெத்தைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பஞ்சுத் தூசி என்று சொல்லிச் சமாளித்தார்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, பக்கத்துக் கடை பூட்டுக்காரர் "அதெல்லாம் சரி, அனுமதி வாங்கிட்டீங்களா?" என்று வாயை விடும் வரைக்கும்.

திறந்தவெளி மகிழ்ச்சிப் பாதுகாப்புத் துறையின் கட்டடத்துக்கு ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. மேற்பார்வையாளர் விளக்கு வெளிச்சத்தில் பேனாவை நக்கிக்கொண்டே கேள்வி கேட்டார்.

"எத்தனை பேர் சிரிப்பாங்க?"

"சார்?"

"சிரிப்பு. கல்யாணத்துல சிரிப்பாங்களா இல்லையா?"

"வர்றவங்க எல்லாரும்... சிரிப்பாங்கன்னுதான்..."

"எல்லாருமா? ஒரே நேரத்துலயா?" மேற்பார்வையாளரின் முகம் கறுத்தது. "ஆடுவாங்களா? கையைத் தூக்கியா, தூக்காமலா?"

"அது அவங்கவங்க கையைப் பொறுத்ததுங்க."

மேற்பார்வையாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பொறுமையாக, நோய் முற்றியதைச் சொல்லும் வைத்தியரைப் போலப் பேசினார்.

"இங்க பாருங்க பெரியவரே. மகிழ்ச்சிங்கிறது பெட்ரோல் மாதிரி. டப்பாவுக்குள்ள இருக்கிற வரைக்கும் பயமில்ல. மண்டபம்னா நாலு சுவர் இருக்கு. திறந்தவெளியில ஊத்தினா என்ன ஆகும்? பரவும். எவனாவது ஒருத்தன் பழைய கதையை எடுத்து உரசுவான். பத்திக்கும். எல்லாக் கல்யாணமும் அடிதடியிலதான் முடியும்ங்கிறது எங்க துறையோட கணிப்பு."

"எங்க குடும்பத்துல இதுவரைக்கும் அடிதடின்னு ஒண்ணு..."

"இருந்திருக்காது. இன்னும் எங்க ஒத்திகை நடக்கலையே."

அம்மை வராமல் இருக்க அம்மையையே கொஞ்சம் ஊசியில் ஏற்றுகிறோமில்லையா? அதே மருத்துவம்தான் இது. கல்யாணத்தில் கலவரம் வராமல் இருக்கவேண்டுமென்றால், அதே விருந்தினர், அதே சாப்பாடு, அதே இடத்தில் முன்கூட்டியே ஒரு கலவரத்தை நடத்தி முடித்துவிட வேண்டும். கலவரக்காரர்களைத் துறையே அனுப்பிவைக்கும். தடி இலவசம்.

"ஒத்திகை தேறினா அனுமதி கிடைச்சிடுமா சார்?"

"நாங்க சிபாரிசு பண்ணுவோம். கையெழுத்து அவர் போடணும்." மேற்பார்வையாளர் கூரையைப் பார்த்தபடி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். அறையிலிருந்த மற்ற குமாஸ்தாக்களும் பாதி எழுந்தார்கள். "அனுமதி அதிகாரி. மாடியில இருக்கார்."

"நான் போய் ஒரு வார்த்தை..."

"ஷ்! சத்தமா மூச்சு விடாதீங்க!" எல்லோரும் உட்கார்ந்தார்கள். "இன்னொண்ணு. மனு நிலுவையில இருக்கும்போது பொண்ணு வேற எங்கயாவது கல்யாணம் பண்ணிக்கிட்டா அது குற்றம். மண்டபத்துல பண்ணாலும் குற்றம்தான். மனு உள்ள வந்திடுச்சு இல்ல, இனி அவர் முடிவு பண்ற வரைக்கும் உங்க பொண்ணோட மகிழ்ச்சிக்கு நாங்க பொறுப்பு."

இப்படித்தான் மெத்தைக்காரர் பல்லை இழந்தார்.

முதல் ஒத்திகையின் தீர்ப்பை மேற்பார்வையாளர் அங்கேயே, அடிபட்டவர்களுக்கு நடுவில் நின்று படித்தார். தேறவில்லை.

"ஏன் சார்?" என்றார் மெத்தைக்காரர், வாயில் துணியை அடைத்துக்கொண்டு. "எல்லாரும் நல்லாத்தானே அடி வாங்கினோம்?"

"அதுதான் தப்பு. ஒரு கை தட்டினா ஓசை வருமா? கலவரம்னா ரெண்டு பக்கமும் அடிக்கணும். நீங்க பாட்டுக்கு வாங்கிக்கிட்டே இருந்தா அது கலவரமில்ல, தாக்குதல். தாக்குதலுக்கு வேற துறை இருக்கு. உங்க அம்மணி ஒருத்தங்கதான் கரண்டியோட ஏதோ முயற்சி பண்ணாங்க. அவங்களால உங்களுக்கு ரெண்டு மதிப்பெண்."

அந்த இரண்டு மதிப்பெண்ணைச் சொல்லிக்காட்டியே மனைவி ஒரு வாரம் ஓட்டினாள்.

வேறு வழியில்லை. சொந்தக்காரர்களை எல்லாம் பட்டறைக்கு வரவழைத்து, மெத்தைக்காரர் அடிக்கக் கற்றுக்கொடுத்தார். வாழ்நாள் முழுக்கப் பஞ்சு அடித்த கை. தொங்கவிட்ட மெத்தைகளுக்கு முன்னால் அத்தை, மாமா, சித்தப்பா, மைத்துனர் எல்லோரும் கம்போடு வரிசையில் நின்றார்கள்.

"கோபத்துல அடிக்காதீங்க. கோபத்துல அடிச்சா ரெண்டு அடியில கை வலிக்கும். மூச்சுல அடிங்க. உள்ள இழுக்கும்போது தூக்கு, விடும்போது போடு. பஞ்சு தானா பிரியும்."

சித்தப்பா கட்டுப்போட்ட தலையோடு உற்சாகமாக அடித்தார். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று அடிக்கொரு தரம் சொன்னார். அவருடைய அண்ணன், அதாவது மெத்தைக்காரரின் அப்பா, இதைக் கேட்க உயிரோடு இல்லை; அந்தத் தைரியம்தான்.

மாப்பிள்ளைக்கு மட்டும் கை வரவில்லை. கம்பை எழுதுகோல் மாதிரி பிடித்தார்.

"மாமா, நான் பல்லைக் கட்டறவன். உடைக்கத் தெரியாது."

"அதையும் கத்துக்கோங்க மாப்பிள்ளை. வியாபாரம் பெருகும்."

இரண்டாவது ஒத்திகை அன்று எல்லோரும் தயாராக வந்தார்கள். கூடைக்குள் பழம், பழத்துக்கு அடியில் கம்பு. மரத்தில் விளக்குக் கட்டி, புல்லில் மெத்தைகள் விரித்து, டிப்போ ஆட்கள் வாசிக்க ஆரம்பித்தபோது, ஒரு நொடி, நிஜமான கல்யாணம்போலவே இருந்தது. மகள் மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் தடிகளோடு நின்ற சாம்பல் சட்டைக்காரர்கள் அந்த விளக்குகளையே வாய்பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேற்பார்வையாளர் இரண்டு முறை விசில் ஊதவேண்டியிருந்தது.

ஆனால் அவர்கள் வேலியைத் தாண்டுவதற்கு முன்பே சண்டை தொடங்கிவிட்டது.

மைத்துனர், ஏதோ பேச்சுவாக்கில், "எங்க வீட்டு ஏணி இன்னும் உங்க வீட்லதான் இருக்கு போலிருக்கு" என்று சித்தப்பாவிடம் சொல்லிவைத்தார். இத்தனை வருஷம் அந்த ஏணியைப் பற்றி யாரும் பேசியதில்லை. கையில் கம்பு இருந்ததும் இல்லை. சித்தப்பா மூச்சை உள்ளே இழுத்தார், தூக்கினார், விட்டார். மைத்துனரின் மூக்கு பஞ்சு மாதிரியே பிரிந்தது. மைத்துனரின் மனைவி சூடான சட்டியைச் சித்தப்பாவின் மடியில் கவிழ்த்தாள். அத்தை, அந்தச் சட்டி தன்னுடையது என்று கத்திக்கொண்டே, மைத்துனரின் மனைவியுடைய தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து மரத்தோடு மோதினாள். யார் யாருக்கு எந்த வருஷம் வணக்கம் சொல்லவில்லை என்பதெல்லாம் வெளியே வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எலும்பு.

சாம்பல் சட்டைக்காரர்கள் நிழலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒத்தக்காது மட்டும் எழுந்து வந்து, கீழே விழுந்திருந்த மாப்பிள்ளையைக் கூட்டத்திலிருந்து இழுக்கப் பார்த்தார். அதற்குள் யாரோ ஓடிய வேகத்தில் மாப்பிள்ளையின் வலது கைமேல் மிதித்துவிட்டார்கள். நடுவிரலும் மோதிர விரலும் முறிந்த சத்தம் மெத்தைக்காரருக்குத் தெளிவாகக் கேட்டது.

மேற்பார்வையாளர் கடுமையாக முகம் சுளித்தார்.

"தேறவில்லை. இது உட்குடும்பக் கலவரம். நாங்கள் அனுப்பிய கலவரக்காரர்களை நீங்கள் கண்டுகொள்ளவே இல்லை. அரசு ஊழியம் அவமதிக்கப்பட்டிருக்கிறது."

அன்றைக்கு மாப்பிள்ளை கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "விரல் சேர்ற வரைக்கும் மோதிரம் போட முடியாதாம் மாமா. அரம் பிடிக்கவும் முடியாது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மகள் அழவில்லை. ஆனால் அந்த வாரம் அவள் பஸ்ஸில் ஏறியவர்கள் எல்லோரும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மெத்தைக்காரர் நேராகத் துறைக்குப் போனார். "மனுவை வாபஸ் வாங்கிக்கிறேன் சார். மிஷினை வித்து மண்டபத்துலயே பண்ணிடறேன். பொண்ணு திட்டினா திட்டட்டும்."

"தாராளமா வாங்கிக்கோங்க. வாங்கினதும் உங்களுக்கு நிம்மதியா இருக்குமா?"

"இருக்கும் சார். ரொம்ப."

"வெளிய போய் மூச்சு விடுவீங்க. சந்தோஷப்படுவீங்க. திறந்தவெளியில." மேற்பார்வையாளர் புதிய தாளை எடுத்தார். "அதுக்கும் ஒத்திகை உண்டு. கையெழுத்து அவர்தான் போடணும்."

எல்லோரும் பாதி எழுந்தார்கள். இந்த முறை மெத்தைக்காரரும் பாதி எழுந்தார். பழக்கம் யாரை விட்டது?

மூன்றாவது ஒத்திகைக்குத் துறையின் இயக்குநரே வந்தார். வெள்ளைக் கையுறை, கழுத்தில் விசில், நெஞ்சில் பதக்கம். பதக்கம் எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. மெத்தைகளை அடுக்கி அவருக்கு மேடை போட்டார்கள். மேடை மெத்தென்று இருந்ததால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒருமுறை லேசாகத் தள்ளாடினார்.

"அன்பான விருந்தினர்களே! நான் பொறுப்பேற்ற நாளிலிருந்து, திறந்தவெளித் திருமணம் ஒன்றில்கூட ஒரு கண்ணாடித் தம்ளர் உடைந்ததில்லை!"

மேற்பார்வையாளர் கைதட்டினார்.

"எங்களால் மக்கள் அடிபடுகிறார்கள் என்று சிலர் குறை சொல்கிறார்கள். நான் அவர்களைக் கேட்கிறேன். எங்களிடம் அடிபட்ட ஒருவராவது அதற்குப் பிறகு கல்யாணத்தில் அடிபட்டதுண்டா? கிடையாது! மக்கள் எங்களைப் பார்த்துப் பயப்படுகிறார்களாம். பயப்படுகிறவன் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. வெளியே வராதவனுக்கு வெளியே ஆபத்து இல்லை. இதைவிடப் பாதுகாப்பு உலகத்தில் உண்டா? மகிழ்ச்சியை நாங்கள் தடுப்பதில்லை. அது நடக்காமல் பார்த்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்!"

"இந்த ஆளு வாயிலயே ஒண்ணு போட்டா என்ன?" என்றாள் மனைவி, கரண்டியைத் துடைத்தபடி.

"சும்மா இருடி. இதுதான் கடைசி. இன்னிக்குத் தேறிடணும்."

விசில் ஊதியது. இந்த முறை யாரும் தங்களுக்குள் சண்டை போடவில்லை. பட்டறையில் கற்றதெல்லாம் கைக்கு வந்தது. சாம்பல் சட்டைகள் வேலியைத் தாண்டி இறங்கியதுமே அத்தை முதல் ஆளின் முழங்காலைத் தட்டிச் சாய்த்தாள். சித்தப்பா கட்டுப்போட்ட தலையாலேயே ஒருவனை முட்டினார். இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தார்கள், ஒருவர்தான் எழுந்தார், அது சித்தப்பா இல்லை. டிப்போ ஆட்களில் மேளம் வாசிப்பவர் மேளக் குச்சியாலேயே வெளுத்தார். மனைவியின் கரண்டி வளைந்து, அப்புறம் உடைந்து, அப்புறம் பிடி மட்டும் வேலை செய்தது. பற்கள் விழுந்தன. புல் சிவந்தது. மெத்தை ஒன்று கிழிந்து, பஞ்சு பறந்து, ரத்தம் பட்ட இடத்திலெல்லாம் ஒட்டிக்கொண்டது. அடித்தவர்களும் அடிபட்டவர்களும் இறகு முளைத்த பறவைகளைப் போல ஓடினார்கள்.

மேற்பார்வையாளர் மெகாபோனில் கத்தினார். "மணப்பெண்ணை இன்னும் யாரும் அடிக்கவில்லை! மணப்பெண்ணுக்கு ஓர் அடி கட்டாயம்!"

ஒத்தக்காதுதான் அவளுக்கு அருகில் நின்றார். தடியை ஓங்கினார். ஓங்கியபடியே நின்றார்.

"என்ன யோசனை? அடிப்பா!"

"என்னை மன்னிச்சிடும்மா," என்றார் ஒத்தக்காது. அடித்தார்.

புருவம் கிழிந்தது. மகள் ஒரு சத்தமும் போடாமல் முழங்கால் மடங்கி உட்கார்ந்தாள். கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது.

மெத்தைக்காரர் பஞ்சுக் கம்போடு போனார். ஓடவில்லை, நடந்துதான் போனார். மூச்சை உள்ளே இழுத்தார், தூக்கினார். விட்டார், போட்டார். முதல் அடி ஒத்தக்காதின் மணிக்கட்டில், தடி பறந்தது. இரண்டாவது தோளில். மூன்றாவது விலாவில், உள்ளே ஏதோ முறிந்தது, காய்ந்த குச்சி மாதிரி. அந்தப் பெரிய உடம்பு சரிந்த பிறகும் அவர் கை நிற்கவில்லை. இழுத்தார், தூக்கினார், விட்டார். முகம் தெரியாத மனிதர்களின் படுக்கைக்காக இத்தனை வருஷம் அடித்த அதே அடி, அதே தாளம். காதில் பஞ்சு மிஷின் ஓடுகிற மாதிரி ஓர் இரைச்சல்.

"அப்பா! போதும்ப்பா!"

மகள் இரண்டு கையாலும் கம்பைப் பிடித்துத் தொங்கினாள். அப்போதுதான் அவருக்கு உலகம் திரும்பி வந்தது. மைதானமே நின்றுபோயிருந்தது. ஒத்தக்காது மல்லாந்து கிடந்தார். வாயோரத்தில் ரத்தக் குமிழி ஒன்று உடைந்து, இன்னொன்று வந்தது.

மேடையில் இயக்குநர் எழுந்து நின்று கைதட்டினார்.

"அருமை! அற்புதம்! என் பணிக்காலத்தில் இப்படி ஓர் அடியை நான் பார்த்ததில்லை. அந்த மூச்சு! அந்த லயம்!"

"அப்போ... தேறிட்டோமா சார்?" என்றார் மெத்தைக்காரர்.

"ஒத்திகை தேறியது. நூற்றுக்கு நூறு." இயக்குநர் தள்ளாடிக்கொண்டே கீழே இறங்கினார். "ஆனால் நீங்களே யோசியுங்கள். இவ்வளவு ஆபத்தான ஒரு தகப்பனார் இருக்கும் கல்யாணத்துக்கு எப்படி அனுமதி கொடுப்பது? மனு நிலுவையிலேயே இருக்கட்டும். கோபம் தணிந்ததும் மறு ஒத்திகை." மேற்பார்வையாளர் பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினார். மடித்த சாம்பல் நிறச் சட்டை. "அதுவரைக்கும் இதைப் போட்டுக்கொள்ளுங்கள். அளவு சரியாகத்தான் இருக்கும். அடுத்த வாரம் மலையடிவாரத்தில் ஓர் ஒத்திகை இருக்கிறது," என்றார் இயக்குநர்.

மெத்தைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. சட்டையைப் பார்த்தார். கீழே கிடந்தவர்தான் பதில் சொன்னார்.

"எனக்கும் இப்படித்தாங்க குடுத்தாங்க." ஒத்தக்காது பேசப் பேச விலாவைப் பிடித்துக்கொண்டார். "என் பொண்ணு ஏரிக்கரையில கல்யாணம் வேணும்னு கேட்டுச்சு. காது போனது எங்க ஒத்திகையிலதான். அப்புறம் சட்டை. மத்தவங்க ஒத்திகையில நல்லா அடிச்சா, நம்ம மனு ஒரு படி மேல போகும்னு சொன்னாங்க."

மெத்தைக்காரர் மண்டியிட்டு அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்போ இவங்க எல்லாம்?"

"எல்லாரும்தாங்க. அதோ அவர், மலையடிவாரம். பையனோட அப்பா. உங்க சம்சாரம் பல்லைத் தட்டினாங்களே, அவன் கடற்கரை. அவன்தான் மாப்பிள்ளையே. பொண்ணும் இங்கதான் நிக்குது, பாருங்க, தடியோட. சம்பளத்துக்கு அடிக்கிறவன் எங்கள்ல ஒருத்தன்கூட இல்ல."

மனைவியின் கையிலிருந்து கரண்டிப் பிடி விழுந்தது. அவள் எதிரில் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற இளைஞனைப் பார்த்தாள்.

"அடப்பாவி! முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக்கூடாதா? கல்யாண மாப்பிள்ளை பல்லையா தட்டினேன்?" முந்தானையைத் தண்ணீரில் நனைத்து அவன் வாயைத் துடைத்தாள். "அழாதடா. எங்க மாப்பிள்ளை பல் கட்டறவருதான். கை சேரட்டும், புதுசா கட்டித் தருவாரு."

கடற்கரை மாப்பிள்ளையின் பெண் தடியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து அவன் பக்கத்தில் நின்றாள். சாம்பல் சட்டைக்காரர்களும் விருந்தினர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம், யாரும் சொல்லாமலே, எல்லோரும் ஒரே திசையில் திரும்பினார்கள். மேற்பார்வையாளர் குடையை மடக்கினார்.

மகள் எழுந்துபோய் அவர் கையிலிருந்த மெகாபோனைப் பிடுங்கினாள். அவளுக்கு அது தேவையே இல்லை.

"கல்யாணம் இன்னிக்குத்தான்! இப்பவே! விளக்கு இருக்கு, சாப்பாடு மிச்சம் இருக்கு, மெத்தை பாதி இருக்கு. யாருக்கெல்லாம் ஜோடி இங்க நிக்குதோ எல்லாரும் வாங்க. மரத்தடி எல்லாருக்கும் பொது!"

ஒரு பெருமூச்சு மைதானத்தைச் சுற்றி வந்தது. கடற்கரைப் பெண் தன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தாள். அடிபட்ட மேளக்காரர் உட்கார்ந்தபடியே மேளத்தை இழுத்துக்கொண்டார்.

"நில்லுங்கள்!" இயக்குநரின் குரல் கீச்சென்று வந்தது. "அனுமதி அதிகாரி! அனுமதி அதிகாரியின் கையெழுத்து இல்லாமல் ஒரு மோதிரம் மாறினால்கூட, அத்தனை பேரும் உள்ளே போவீர்கள்! வாழ்நாள் முழுக்க!"

சாட்டை சொடுக்கிய மாதிரி இருந்தது. சாம்பல் சட்டைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடற்கரைப் பெண் கையை விட்டாள். மேளக்காரர் மேளத்தை மெதுவாகத் தள்ளி வைத்தார்.

"வேண்டாம்மா," என்றார் ஒத்தக்காது. "இவங்களை அடிச்சிடலாம். அவரை ஒண்ணும் பண்ண முடியாது. அவர் நெனச்சா என் பொண்ணு கல்யாணம் இனி எந்த ஜென்மத்துக்கும் இல்ல. உங்களுதும்தான்."

மகள் மெகாபோனை இறக்கினாள். அவள் முகத்தில், ரத்தத்துக்கு நடுவே, முதல் தடவையாகக் கண்ணீர் தெரிந்தது. மாப்பிள்ளை கட்டுப்போட்ட கையால் அதைத் துடைக்கப் பார்த்தார், முடியவில்லை.

மெத்தைக்காரர் ஒத்தக்காதின் தலையைப் பத்திரமாக ஒரு மெத்தை ஓரத்தில் சாய்த்துவிட்டு எழுந்தார். கம்பை எடுத்தார். இயக்குநரின் கழுத்து விசிலைக் கயிற்றோடு சேர்த்துப் பிடித்து முறுக்கினார்.

"கூப்பிடு அவரை."

"யாரை?"

"உங்க அனுமதி அதிகாரியை. இங்க வரச் சொல்லு. என் பொண்ணு முகத்தைப் பார்த்து, முடியாதுன்னு அவர் வாயால சொல்லட்டும். அப்புறம் நாங்க பேசாம வீட்டுக்குப் போறோம்."

"அவர்... வரமாட்டார்."

மூச்சை உள்ளே இழுத்தார். விட்டார். கம்பு இயக்குநரின் தோளில் விழுந்தது. பதக்கம் எகிறிப் போய்ப் புல்லில் விழுந்தது.

"ஐயோ! வலிக்கிறதய்யா!"

"ஒத்திகைதான் சார். பயப்படாதீங்க. கூப்பிடுங்க அவரை."

"முடியாது!"

இரண்டாவது அடி முட்டியில். இயக்குநர் மண்டி போட்டார். வெள்ளைக் கையுறை மண்ணில் ஊன்றியது. மேற்பார்வையாளர் வேலியை நோக்கி நகர்ந்தார், அங்கே அத்தை நின்றாள், திரும்பி வந்துவிட்டார். மெத்தைக்காரர் மூன்றாவது மூச்சை இழுத்துக் கம்பைத் தலைக்கு மேல் தூக்கினார். இந்த மூச்சு கொஞ்சம் நீளமாக இருந்தது.

"அடிக்காதீங்க!" இயக்குநரின் மேடைத் தமிழ் எங்கோ போய்விட்டது. இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு அலறினார். "நானும் மனு போட்டவன்தாங்க! மொட்டைமாடி! எனக்கு மொட்டைமாடியில கல்யாணம்! அவ இன்னும் காத்துக்கிட்டு இருக்கா. உள்ள இருந்தா அவர் கையெழுத்து சீக்கிரம் கிடைக்கும்னுதான் இங்கேயே வேலைக்குச் சேர்ந்தேன். மேல மேல பதவி குடுத்துக்கிட்டே இருந்தாங்க. இயக்குநர் ஆன அன்னிக்கு அந்த மாடிக் கதவு சாவியையும் என்கிட்டதான் குடுத்தாங்க. திறந்து பார்த்தேன்..."

காற்றில் பஞ்சு மிதந்துகொண்டிருந்தது.

"உள்ள யார் இருந்தா?" என்றாள் மகள்.

இயக்குநர் விரல்களுக்கு நடுவிலிருந்து அவளைப் பார்த்தார்.

"நாற்காலிகூட இல்லம்மா. அந்தப் பதவிக்கு இதுவரைக்கும் ஆளே போடல."